பச்சைக் கூடையில் போகும் காசு: பெங்களூரு வீடுகளில் உணவு வீணாவதைக் குறைக்க முழு வழிகாட்டி

பெங்களூரில் குப்பையைப் பிரித்துக் கொடுக்கப் பழகிப் பல வருடம் ஆகிவிட்டது. 2015 டிசம்பரில் கர்நாடக உயர் நீதிமன்றம் 'இரண்டு கூடை, ஒரு பை' முறையைக் கட்டாயமாக்கியது. ஈரக் குப்பைக்குப் பச்சைக் கூடை, நாப்கின் போன்ற கழிவுக்குச் சிவப்புக் கூடை, உலர்ந்த குப்பைக்கு ஒரு பை. காலையில் ஆட்டோ டிப்பர் வந்து நின்றதும் "ஹசி கசா, ஒண கசா" (கன்னடத்தில் ஈரக் குப்பை, உலர்ந்த குப்பை) என்று பிரித்து வாங்கிக்கொள்கிறார்கள். இதனால் நமக்கு ஒரு பெரிய வசதி கிடைத்திருக்கிறது: வீட்டில் எவ்வளவு சாப்பாடு வீணாகிறது என்பது வேறெதோடும் கலக்காமல் ஒரே கூடையில் கண்ணெதிரே இருக்கிறது.

ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் திட்டம் 2024இல் வெளியிட்ட உணவு விரய அறிக்கை, இந்திய வீடுகளில் ஓர் ஆளுக்கு ஆண்டுக்குச் சுமார் 55 கிலோ உணவு குப்பைக்குப் போவதாக மதிப்பிடுகிறது. வாரத்துக்கு ஆளுக்கு ஒரு கிலோ. தோல், கொட்டை, எலும்பு எல்லாம் இந்தக் கணக்கில் சேர்ந்தவைதான். ஆனாலும் உங்கள் வீட்டுப் பச்சைக் கூடையை ஒரு நாள் கிளறிப் பார்த்தால், தோல் மட்டும் இல்லை என்பது உடனே தெரிந்துவிடும். பாதிக் கட்டு கொத்தமல்லி, பொங்கி வழிந்த மாவு, நேற்றைய சாதம், நசுங்கிய தக்காளி.

சிக்கனம் என்றதும் பலருக்கு நினைவு வருவது மீந்ததை எப்படிச் சாப்பிட்டுத் தீர்ப்பது என்பதுதான். அது கடைசி வேலை. காசு உண்மையில் மிச்சமாவது கடையிலும், அரிசி அளக்கும் இடத்திலும். அதனால்தான் மீந்ததைப் பற்றிய பகுதியை ஐந்தாவதாக வைத்திருக்கிறேன்.

முதல் படி: இரண்டு வாரம் எழுதுங்கள்

எதையும் மாற்றுவதற்கு முன் இரண்டு வாரம் வெறுமனே எழுதுங்கள். ஃபிரிட்ஜ் கதவில் ஒரு தாளை ஒட்டி, பக்கத்திலேயே பேனாவைக் கட்டித் தொங்கவிடுங்கள். ஃபோனில் எழுதலாம் என்று ஆரம்பித்தால் மூன்றாம் நாளே நின்றுவிடும், கையில் மாவும் ஈரமும் இருக்கும்போது யாரும் ஃபோனை எடுப்பதில்லை. எழுத வேண்டியது மூன்றே விஷயம்: என்ன போனது, தோராயமாக எவ்வளவு, ஏன் போனது.

அந்த 'ஏன்'தான் முக்கியம். 'கெட்டுப்போச்சு' என்று எழுதினால் பயனில்லை. 'ஃபிரிட்ஜின் அடியில் இருந்தது தெரியவில்லை', 'சின்னவள் சாப்பிட மாட்டேன் என்றாள்', 'ராத்திரி வெளியிலிருந்து ஆர்டர் போட்டுவிட்டோம்', 'ஒரு கட்டு போதும், இரண்டு வாங்கினோம்' என்று எழுதுங்கள். வாங்கியதில் தவறா, வைத்ததில் தவறா, அளந்ததில் தவறா என்று அப்போதுதான் பிரியும். திட்டுவதற்காக எழுதும் கணக்கு இல்லை இது. யார் வீணாக்கினார்கள் என்ற பெயர்ப் பட்டியலாக மாறினால் வீட்டில் எல்லோரும் மறைத்துப் போட ஆரம்பித்துவிடுவார்கள்.

இரண்டு வாரம் கழித்து விலை போடுங்கள். ஓர் உதாரணம்: ஒரு வாரத்தில் பாக்கெட் மாவில் பாதி 40 ரூபாய், கொத்தமல்லி பாதிக் கட்டு 10, தக்காளி கால் கிலோ 10, பிரெட் பாதி 25, சாதமும் சாம்பாரும் 40. மொத்தம் 125 ரூபாய். இது பெரிய தொகையாகவே தெரியாது. 52 வாரத்துக்குப் பெருக்கினால் 6,500 ரூபாய். உங்கள் கடை விலையைப் போட்டு உங்கள் தொகையைக் கண்டுபிடியுங்கள். இதில் எரிவாயு, மிக்சி ஓடிய மின்சாரம், சமைத்தவரின் நேரம் எதுவும் சேரவில்லை.

பெரும்பாலான வீடுகளில் நான்கைந்து பொருள்கள்தான் திரும்பத் திரும்ப வரும். அவற்றை மட்டும் வட்டமிடுங்கள். கீழே சொல்லும் எல்லாவற்றையும் எல்லா வீடும் செய்யத் தேவையில்லை. உங்கள் வட்டத்தில் உள்ளதற்கு என்ன வழியோ அதை மட்டும் எடுத்துக்கொண்டால் போதும்.

இரண்டாம் படி: கடையில் கையை இறுக்குவது

இந்த ஊரில் காய்கறிக்குப் பஞ்சமே இல்லை. வாசலில் தள்ளுவண்டி, தெருமுனையில் ஹாப்காம்ஸ் அல்லது சஃபல் கடை, ஞாயிற்றுக்கிழமை கே.ஆர். மார்க்கெட்டோ மடிவாளாவோ ரஸ்ஸல் மார்க்கெட்டோ, இதெல்லாம் போதாதென்று ஃபோனைத் தொட்டால் பத்துப் பதினைந்து நிமிடத்தில் வாசலுக்கு வரும் ஆப்கள். இவ்வளவு பக்கத்தில் கடை இருக்கும்போது வீட்டில் சேர்த்துவைக்க வேண்டிய அவசியமே இல்லை. ஆனாலும் நாம் கிராமத்துச் சந்தைக்கு வாரம் ஒருமுறை போன காலத்துப் பழக்கத்திலேயே பை நிறைய வாங்குகிறோம்.

அல்சூர் பக்கம் தள்ளுவண்டிக்காரர்கள் நம்மோடு தமிழிலேயே பேசுவார்கள். "அக்கா, ஒரு கட்டு இருபது, ரெண்டா எடுத்துக்கோங்க முப்பது." கேட்கும்போது பத்து ரூபாய் லாபம். இரண்டாவது கட்டு அழுகினால் பத்து ரூபாய் நஷ்டம். அப்படி மலிவாகக் கிடைக்கும்போது பக்கத்து வீட்டுக்காரரோடு பங்கு போட்டுக்கொள்ளுங்கள், இரண்டு வீட்டுக்கும் 15 ரூபாய்க்கு ஒரு கட்டு. கே.ஆர். மார்க்கெட் மொத்த விலைக்கும் இதே வழிதான். இரண்டு மூன்று வீடு சேர்ந்து பிரித்துக்கொண்டால்தான் அது மலிவு. ஒரு வீட்டுக்கு ஐந்து கிலோ தக்காளி என்பது மலிவில்லை.

ஆப்களில் வேறு ஒரு சிக்கல். டெலிவரி கட்டணம் தவிர்க்க இன்னும் இத்தனை ரூபாய்க்கு வாங்குங்கள் என்று காட்டும்போது, தேவையில்லாத ஒரு தயிர் டப்பாவோ காளான் பாக்கெட்டோ உள்ளே வந்துவிடும். வீணாகும் பொருள்கள் பட்டியலில் இவைதான் அதிகம் இருக்கும் என்று நினைக்கிறேன். தொகையை நிரப்பியே ஆகவேண்டும் என்றால் கெடாத பொருளால் நிரப்புங்கள்: உப்பு, சோப்பு, கடுகு.

வாங்கப் போகும் முன் ஃபிரிட்ஜை ஒரு ஃபோட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். பட்டியல் எழுதுவதைவிட இது சுலபம். கடையில் நின்று 'கேரட் இருக்கா இல்லையா' என்ற சந்தேகம் வரும்போது படத்தைப் பார்த்தால் முடிந்தது.

வாரத்துக்கு ஒருமுறை மட்டும்தான் வாங்க முடியும் என்பவர்கள், சமைக்கும் வரிசையைக் கெடும் வேகத்தை வைத்து அமையுங்கள். முதல் இரண்டு நாள் கீரை, காளான், சப்பசிகே சொப்பு (சதகுப்பைக் கீரை). அடுத்த இரண்டு நாள் வெண்டை, கத்தரி, பீன்ஸ், பீர்க்கங்காய். கடைசியில் கேரட், பீட்ரூட், முட்டைக்கோஸ், சௌசௌ, பூசணி, சேனை. திங்கட்கிழமை இது, செவ்வாய்க்கிழமை அது என்று கிழமைவாரியாக மெனு எழுதுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஒரு நாள் தவறினாலே மொத்தமும் குலைந்துவிடும். வரிசை மட்டும் மனதில் இருந்தால் எந்த நாளுக்கும் பொருந்தும்.

மூன்றாம் படி: வைக்கும் முறை

வட்டமிட்ட பொருள்களில் பாதிக்கு இங்கேதான் தீர்வு இருக்கிறது. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

கொத்தமல்லி, புதினா, கீரை மூன்றுக்கும் எதிரி ஈரம். வாங்கிய உடனே கழுவிவிடும் பழக்கம் பலருக்கு உண்டு. கழுவினால் சொட்ட ஈரமில்லாமல் காயவிட வேண்டும், நேரமில்லை என்றால் கழுவாமலே வையுங்கள். கட்டைப் பிரித்து, அழுகின இலைகளையும் வேர் மண்ணையும் நீக்கி, பருத்தித் துணியிலோ செய்தித்தாளிலோ தளர்வாகச் சுற்றி டப்பாவில் போடுங்கள். இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை ஈரமான தாளை மாற்றினால் கொத்தமல்லி ஒரு வாரத்துக்கு மேல் நிற்கும். கட்டிய ரப்பரோடு பிளாஸ்டிக் கவரில் அப்படியே தள்ளினால் மூன்றாம் நாள் நடுவில் கறுத்து வழவழப்பாகிவிடும். கறிவேப்பிலையை உருவி, காயவைத்து, காற்றுப் புகாத டப்பாவில் வைக்கலாம். நிறைய இருந்தால் ஃபிரீசரிலேயே போடலாம், தாளிக்கும்போது அப்படியே எடுத்துப் போட்டால் போதும். பச்சை மிளகாய்க்குக் காம்பைக் கிள்ளிவிடுங்கள், அழுகல் காம்பிலிருந்துதான் ஆரம்பிக்கும்.

வாழைப்பழம், மாம்பழம், பப்பாளி, ஆப்பிள், தக்காளி இவை பழுக்கும்போது எத்திலீன் என்ற வாயுவை வெளியிடும். அந்த வாயு பட்டால் பக்கத்தில் இருக்கும் கீரை மஞ்சளாகும், வெள்ளரி சீக்கிரம் தளரும். ஆகவே பழத்தையும் கீரையையும் ஒரே டப்பாவில், ஒரே தட்டில் வைக்காதீர்கள். இதையே நமக்குச் சாதகமாகவும் பயன்படுத்தலாம்: காயாக இருக்கும் மாம்பழத்தோடு ஒரு பழுத்த வாழைப்பழத்தை வைத்தால் சீக்கிரம் பழுக்கும்.

வெங்காயத்தையும் உருளைக்கிழங்கையும் ஒரே கூடையில் போடுவது கிட்டத்தட்ட எல்லா வீட்டிலும் நடக்கிறது. பிரியுங்கள், சேர்ந்திருந்தால் இரண்டும் சீக்கிரம் கெடும். இரண்டுக்கும் காற்றோட்டம் வேண்டும், உருளைக்கு இருட்டும் வேண்டும். வெளிச்சம் பட்டுப் பச்சை படர்ந்த உருளையில் சொலனின் என்ற நச்சு சேரும். கொஞ்சம் பச்சையும் முளையும் இருந்தால் ஆழமாக வெட்டி எடுத்துவிடலாம், நிறையப் பச்சையாகிவிட்டால் போட்டுவிடுங்கள். ஃபிரிட்ஜில் உருளையை வைத்தால் மாவுச்சத்து சர்க்கரையாக மாறி வறுவல் இனிக்கும்.

தக்காளி பழுக்கும்வரை வெளியில் இருக்கட்டும், காம்புப் பக்கம் கீழே இருக்கும்படி. பழுத்து மெத்தென்று ஆன பிறகு ஃபிரிட்ஜுக்கு மாற்றுங்கள். ஆசியாவின் பெரிய தக்காளிச் சந்தைகளில் ஒன்று நமக்குப் பக்கத்தில் கோலாரில்தான் இருக்கிறது. இருந்தும் 2023 ஜூலையில் இந்த ஊரிலேயே கிலோ 100 ரூபாயைத் தாண்டியது. விலை இறங்கியிருக்கும் காலத்தில் ஒரு தொக்கு செய்து வைப்பதும், வேகவைத்து அரைத்து ஐஸ் தட்டில் ஊற்றி ஃபிரீசரில் வைப்பதும் நல்ல முதலீடு. குழம்புக்கு நான்கு கட்டி எடுத்துப் போட்டால் போதும்.

ஃபிரீசரை ஐஸ்கிரீமுக்கு மட்டும் விட்டுவைக்காதீர்கள். டிசம்பர், ஜனவரியில் அவரைக்காய் மூட்டை மூட்டையாக வரும்போது கிலோக்கணக்கில் வாங்கி வந்துவிடுகிறோம், உரிக்க ஆளில்லாமல் நாலாம் நாள் தோலில் கறுப்பு விழுந்துவிடும். உரிக்க முடிந்த அளவு மட்டும் வாங்குங்கள். பிதுக்கிய பருப்பைத் தண்ணீர் வடித்து ஒரு வேளைக்கு ஒரு பொட்டலமாக ஃபிரீசரில் வைக்கலாம். பச்சைப் பட்டாணியைக் கொதிக்கும் நீரில் ஒன்றிரண்டு நிமிடம் போட்டெடுத்து, குளிர்ந்த நீரில் அலசி, ஈரம் போகத் துடைத்துப் பிறகு வையுங்கள், நிறம் மாறாது. தேங்காயை உடைத்தால் கண் உள்ள மூடியை முதலில் எடுப்பது நம் வீடுகளில் வழக்கம். மீதி மூடியை நாளைக்கு நாளைக்கு என்று தள்ளாமல் துருவி ஃபிரீசரில் வையுங்கள்.

ஃபிரிட்ஜில் கதவுப் பக்கம்தான் சூடு அதிகம். பாலை அங்கே வைக்காமல் ஃபிரீசருக்குக் கீழே உள்ள தட்டில் வையுங்கள். கதவில் ஊறுகாய், சாஸ், தண்ணீர் பாட்டில் போதும். உள்ளே 4, 5 டிகிரி இருக்க வேண்டும். கண் மட்டத்தில் உள்ள தட்டில் ஒரு பகுதியை 'முதலில் இதை எடு' என்று ஒதுக்குங்கள். வெட்டிய பாதி வெங்காயம், நேற்றைய கூட்டு, ஒரு கரண்டி தயிர் எல்லாம் அங்கேதான். சமைக்கத் தொடங்கும் முன் அந்த இடத்தைப் பார்ப்பது பழக்கமானால் இந்த வழிகாட்டியில் பாதி வேலை முடிந்தது. டப்பாக்கள் கண்ணாடியாகவோ ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக்காகவோ இருக்கட்டும். எவர்சில்வர் சம்படத்தில் மூடி வைத்ததை யாரும் திறந்து பார்ப்பதில்லை, நாற்றம் வந்த பிறகுதான் நினைவு வரும்.

மின்சாரம் போனால் பதற வேண்டாம். திறக்காமல் இருந்தால் ஃபிரிட்ஜ் சுமார் நான்கு மணி நேரம் குளிர்ச்சியைப் பிடித்து வைக்கும், நிறைந்த ஃபிரீசர் இரண்டு நாள் வரை தாங்கும். மழைக்கால இரவில் கரண்ட் போனதும் கதவைத் திறந்து திறந்து பார்ப்பதுதான் கெடுதல்.

மளிகைக்கு ஒன்றே ஒன்று: பழையது தீர்ந்த பிறகு புதியது. பழைய ரவையின் மேலேயே புதிய ரவையைக் கொட்டினால் அடியில் இருக்கும் வண்டு இரண்டையும் தின்றுவிடும். ரவையை வறுத்து ஆறவைத்து டப்பாவில் போடுங்கள். பருப்பை வாங்கியதும் சில நாள் ஃபிரீசரில் வைத்து எடுத்தால் முட்டையும் பூச்சியும் செத்துவிடும். அரிசியில் காய்ந்த மிளகாய், வேப்பிலை போடும் பழைய வழி இன்றும் நல்ல வழி.

நான்காம் படி: அளந்து சமைப்பது

கண்ணளவில் சமைக்கும் திறமை பெரிய திறமைதான். ஆனால் அந்தக் கண்ணளவு ஆறு பேர் இருந்த வீட்டில் பழகியது. இன்று வீட்டில் மூன்று பேர், அதிலும் ஒருவர் வாரத்தில் மூன்று நாள் அலுவலகக் கேன்டீனில் சாப்பிடுகிறார். பெங்களூரில் பாதி வேலை வீட்டிலிருந்து, பாதி அலுவலகத்திலிருந்து என்றான பிறகு மதியச் சாப்பாட்டுத் தலைக்கணக்கு தினமும் மாறுகிறது. ஆகவே முந்தைய இரவே ஒரு கேள்வி: "நாளைக்கு மத்தியானம் யார் யார் வீட்டில்?" குடும்ப வாட்ஸ்அப் குழுவில் கேட்டால் போதும். வெள்ளிக்கிழமை ராத்திரி வெளிச் சாப்பாடு என்று தெரிந்தால் அன்று மாலை மாவு அரைக்க வேண்டாம், குழம்பு மிச்சம் வைக்க வேண்டாம்.

அரிசிக்கு ஒரு டம்ளரையோ ஆழாக்கையோ நிரந்தர அளவாக வைத்துக்கொள்ளுங்கள். ஓர் ஆளுக்கு ஒரு வேளைக்கு 75 முதல் 100 கிராம் அரிசி, கூடவே காய், கூட்டு இருந்தால் இது தாராளம். ஒரு பங்கு அரிசி ஏறக்குறைய மூன்று பங்கு சாதமாகும். 'எதற்கும் இருக்கட்டும்' என்று தினமும் ஒரு கைப்பிடி, அதாவது 50 கிராம், கூடப் போட்டால் மாதத்துக்கு ஒன்றரைக் கிலோ அரிசி. கிலோ 60 ரூபாய் என்றால் 90 ரூபாய் அரிசிக்கு மட்டும். போதவில்லை என்றால் என்ன செய்வது என்ற பயம் நியாயமானது. வந்தவருக்குச் சாதம் இல்லை என்று சொல்ல நமக்கு மனம் வராது. அதற்கு அவல், சேமியா, ரவை மூன்றையும் எப்போதும் கையிருப்பில் வையுங்கள், பத்து நிமிடத்தில் ஒரு தட்டு உப்புமா தயார். அந்த உத்தரவாதம் இருந்தால் கைப்பிடி அரிசியைக் குறைக்கத் தைரியம் வரும்.

மாவுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும், இந்த ஊர்க் குளிரால். இட்லி மாவு புளிக்க 30 டிகிரிக்குப் பக்கத்தில் வெப்பம் இருந்தால் நல்லது. ஏப்ரலில் எட்டு மணி நேரத்தில் பொங்கும் மாவு, டிசம்பர் இரவில் காலை வரை அசையாமல் கிடக்கும். அதற்காகப் பகலிலும் வெளியே விட்டுவைத்துப் பிறகு மறந்து, புளித்து வழிந்து, கடைசியில் கூடைக்குப் போகிறது. அரைத்ததும் மாவை இரண்டாகப் பிரியுங்கள். இரண்டு நாளுக்கு வேண்டியதை மட்டும் வெளியில் புளிக்க வையுங்கள், மீதியைப் புளிக்காமலே நேராக ஃபிரிட்ஜில் வையுங்கள். வேண்டும்போது முந்தைய நாள் வெளியில் எடுத்துப் புளிக்க விட்டால் அது புது மாவு போலவே இருக்கும். கடை மாவு பாக்கெட் வாங்குபவர்கள் பெரியது மலிவு என்று பார்க்காமல், இரண்டு நாளில் முடியும் அளவை மட்டும் வாங்குங்கள்.

தேங்காய்ச் சட்னியை எப்போதும் கொஞ்சம் குறைவாகவே அரையுங்கள். பற்றாக்குறைக்கு இட்லிப் பொடி இருக்கிறது.

ஐந்தாம் படி: மீந்த சாப்பாடு

முதலில் பாதுகாப்பு. காசை மிச்சப்படுத்தப் போய் மருத்துவருக்குக் கொடுப்பதில் அர்த்தம் இல்லை. சமைத்த உணவை இரண்டு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள், பெரிய பாத்திரத்தில் அப்படியே வைக்காமல் அகலமான டப்பாவில் பரப்பினால் சீக்கிரம் ஆறும். சாதத்தில் கவனம் கூடுதலாக வேண்டும். பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் வேகவைத்தாலும் சாவதில்லை. சாதம் மணிக்கணக்கில் வெளியில் கிடந்தால் அவை பெருகி உண்டாக்கும் நச்சு, மறுபடி சூடு பண்ணினாலும் போகாது. அதனால் மீந்த சாதத்தை ஃபிரிட்ஜில் வைத்து மறுநாளே முடித்துவிடுங்கள். சாம்பார், ரசம், கூட்டு இரண்டு நாள், அதிலும் தேங்காய் அரைத்துவிட்டது முதலில். சாப்பிடும் அளவை மட்டும் தனியே எடுத்துச் சூடு பண்ணுங்கள். முழுப் பாத்திரத்தையும் திரும்பத் திரும்பக் கொதிக்கவைப்பதால் ருசியும் போகும், ஆயுளும் குறையும்.

பழைய சோறு வேறு விஷயம். சாதம் ஆறியதும் மூழ்கத் தண்ணீர் ஊற்றி ராத்திரி வைக்கும்போது லாக்டிக் அமில பாக்டீரியா வேலை செய்து தண்ணீரைப் புளிப்பாக்குகிறது. காலையில் மோர், சின்ன வெங்காயம், மோர் மிளகாயோடு சாப்பிட அதற்கு ஈடில்லை. ஆனால் சமைத்த சாதத்தைத் திறந்தபடி மேடையில் போட்டுவிட்டு மறுநாள் தண்ணீர் ஊற்றினால் அது பழைய சோறு ஆகாது. சாதம் நூல் விட்டாலோ, புளிப்பு வாடை போய்க் கெட்ட வாடை வந்தாலோ தூக்கிப் போடுங்கள்.

மீந்த சாதத்துக்கு இந்த ஊர்க்காரர்கள் செய்யும் சித்ரான்னம் நமக்கு எலுமிச்சை சாதம். சாதம் ஒருநாள் குளிர்ந்து உதிரியாக இருந்தால்தான் இரண்டுமே நன்றாக வரும். அதிகமாக இருந்தால் வெயில் நாளில் சோற்று வடாம் பிழியலாம். சாம்பாரோ பருப்போ ஒரு கரண்டி மீந்தால் அதையே தண்ணீருக்குப் பதிலாக ஊற்றிச் சப்பாத்தி மாவு பிசையுங்கள், பிள்ளைகள் சத்தமில்லாமல் சாப்பிட்டுவிடுவார்கள். பொரியல் மீந்தால் தோசைக்குள் போகும். சப்பாத்தி மீந்தால் நறுக்கி, வெங்காயம் தக்காளியோடு கொத்து. இட்லி மீந்தால் உதிர்த்து உப்புமா. புளித்த மாவில் வெங்காயம், கொஞ்சம் ரவை போட்டுக் குழிப்பணியாரம். புளித்த தயிர் மோர்க்குழம்புக்கும் ரவா தோசைக்கும். கறுத்த வாழைப்பழத்தை மசித்து மைதா, தயிர், சீரகம் சேர்த்துப் பிசைந்து பொரித்தால் மங்களூர் பன்ஸ், இதற்குப் பழம் எவ்வளவு கனிந்ததோ அவ்வளவு நல்லது.

பூஞ்சைக்கு மட்டும் இரக்கம் காட்ட வேண்டாம். பிரெட்டில் ஒரு துண்டில் பூஞ்சை தெரிந்தால் அந்தப் பாக்கெட் முழுவதும் போகட்டும். பூஞ்சை பிடித்த வேர்க்கடலையில் அஃப்லாடாக்சின் என்ற நச்சு இருக்கக்கூடும், வறுத்தாலும் அது முழுதாகப் போகாது.

தோலும் தண்டும்

பீர்க்கங்காய்த் தோல் துவையல் தெரியாத தமிழ் வீடு கிடையாது. சென்னைப் பக்கம் பெங்களூர் கத்தரிக்காய் என்று சொல்லும் சௌசௌவின் தோலும் அதே மாதிரி உளுத்தம்பருப்பு, மிளகாய், புளியோடு வதக்கி அரைத்தால் அருமை. முள்ளங்கி, பீட்ரூட் இலைகளைப் பருப்போடு கூட்டாகச் செய்யலாம். கொத்தமல்லித் தண்டை ரசத்தில் போடுங்கள், இலையைவிட வாசம் தூக்கலாக வரும். தர்பூசணியின் வெள்ளைப் பகுதி பூசணிக் கூட்டு போலவே வரும். தோலைச் சமைக்கும் நாளில் காயை நன்றாகத் தேய்த்துக் கழுவுங்கள்.

பாக்கெட்டில் உள்ள தேதி

'பெஸ்ட் பிஃபோர்' என்பது ருசியும் மொறுமொறுப்பும் அந்த நாள்வரை சிறப்பாக இருக்கும் என்ற வாக்கு. அந்தத் தேதி தாண்டிய பிஸ்கட்டை முகர்ந்து, சுவைத்துப் பார்த்து முடிவு செய்யலாம். 'யூஸ் பை' அல்லது 'எக்ஸ்பயரி' என்று இருந்தால் அந்தத் தேதியோடு முடிந்தது, அதில் வாதம் வேண்டாம். பால், பன்னீர், இறைச்சிக்கு இது கண்டிப்பு. கடையில் தேதி நெருங்கியதைப் பாதி விலைக்குக் கொடுத்தால், அன்றே சமைப்பதாக இருந்தால் மட்டும் வாங்குங்கள்.

கொடுப்பது, உரமாக்குவது, சேமிப்பது

மீந்ததை வீட்டு வேலைக்கு வருபவருக்குக் கொடுக்கும் வழக்கம் இங்கே உண்டு. கொடுப்பதாக இருந்தால் அன்றே, சூடாக இருக்கும்போது, "வேண்டுமா அக்கா?" என்று கேட்டுக் கொடுங்கள். நாம் சாப்பிடத் தயங்கும் மூன்று நாள் குழம்பை இன்னொருவர் கையில் வைப்பது தானம் ஆகாது. வீட்டு விசேஷத்தில் நிறைய மீந்தால், 2014இல் தொடங்கிய ராபின் ஹூட் ஆர்மி போன்ற தன்னார்வக் குழுக்கள் பெங்களூரிலும் இயங்குகின்றன. சாப்பாடு மீந்த பிறகு தேடாமல், விசேஷத்துக்கு முன்பே பேசி வையுங்கள்.

கடைசியாக எஞ்சும் தோலையும் கொட்டையையும் உரமாக்கலாம். பெங்களூரின் டெய்லி டம்ப் நிறுவனம் 2006 முதல் சொல்லித்தரும் மூன்றடுக்கு மண்பானை முறை பால்கனிக்குள் அடங்கும். பானை வாங்க வேண்டும் என்பதில்லை, ஓட்டை போட்ட பழைய வாளியும் காய்ந்த இலையும் போதும். ஈரக் குப்பை ஒரு அடுக்கு, காய்ந்த இலையோ தேங்காய் நார்த்தூளோ ஒரு அடுக்கு, தொடக்கத்தில் கொஞ்சம் புளித்த மோர். எண்ணெய் மிதக்கும் குழம்பைக் கொட்டினால் நாறும்.

மிச்சமான காசைக் கண்ணால் பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் அது வேறு செலவில் கரைந்துவிடும். முதல் படியில் கண்டுபிடித்த வாரத் தொகையில் பாதியை மாதக் கணக்கில் ஒரு அஞ்சலக ஆர்.டி.யில் (மாதாமாதம் கட்டும் தொடர் வைப்புக் கணக்கில்) போடத் தொடங்குங்கள், மாதம் 100 ரூபாயிலிருந்தே அதைத் திறக்கலாம்.

மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை அந்த இரண்டு வாரக் கணக்கை மறுபடி எழுதுங்கள், ஏனென்றால் சீசன் மாறும்போது வீணாகும் பொருளும் மாறும். ஏப்ரல், மே மாதங்களில் பெட்டியாக வாங்கிய மாம்பழம், மழைக்காலத்தில் நமுத்த ரவையும் பொடிகளும், குளிர்காலத்தில் மாவும் அவரைக்காயும். எழுதிய தாள்களைக் கிழித்துப் போடாமல் ஒரு கிளிப்பில் சேர்த்து வைத்தால், அடுத்த வருடம் மாம்பழப் பெட்டிக்கு விலை பேசும் முன் எத்தனை பழம் போதும் என்று பார்த்துக்கொள்ளலாம்.